பல் சிகிச்சைப் பயணம்: நாள் குறிக்கும் முன்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம்மவர் பழமொழி. சொல்லோடு வேறு சிலவும் போய்விடுகின்றன என்பதை முதியவர் உள்ள வீட்டார் அறிவர். நாலு பேரோடு பந்தியில் அமரும் துணிவு போகிறது. பேரப்பிள்ளை ஆசையோடு நீட்டும் முறுக்கை வாங்கும் மகிழ்ச்சி போகிறது. எல்லாரும் உண்டு எழுந்தபின் தாத்தா மட்டும் தனியே அமர்ந்து குழைந்த சோற்றை விழுங்குகிறார் என்றால், அதற்குப் பிணக்கோ பசியின்மையோ காரணம் அன்று. மெல்லுவதற்குப் பல் இல்லாமையே காரணம். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று கேட்டு வளர்ந்தவருக்கு நொறுக்கும் கருவியே இல்லாமற் போனால் அவர் என்ன செய்வார்?

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்து ஊர் வந்து இந்நிலையைக் காணும்போது மனம் துடிக்கின்றனர். "செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சென்னைக்கோ திருச்சிக்கோ போய் நல்ல பல்லாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்று கூறிப் பணமும் அனுப்புகின்றனர். சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும், கனடாவிலும் உள்ளோர் தம் விடுமுறையோடு தம் பற்களின் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டு தமிழ்நாடு வருகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் வருகின்றனர். மொழி ஒன்று, உணவு ஒன்று, தேர்ந்த மருத்துவர் பலர், மேல்நாட்டோடு ஒப்பிட்டால் கட்டணமும் பன்மடங்கு குறைவு. ஆகவே இப்பயணத்தில் வியப்பில்லை.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. ஆஸ்திரிய மக்கள் எல்லை கடந்து ஹங்கேரியின் ஷொப்ரொன், மொஷொன்மஜாரோவார் ஆகிய ஊர்களுக்குப் பல் மருத்துவரைத் தேடிச் செல்கின்றனர். அமெரிக்க முதியோர் மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனெஸ் என்னும் சிற்றூருக்கு நடந்தே எல்லை கடக்கின்றனர்; அவ்வூருக்குக் 'கடைவாய்ப்பல் நகர்' என்றே விளையாட்டாகப் பெயர் வழங்குகிறது. ஆங்கிலேயர் துருக்கிக்குப் பறக்கின்றனர். கட்டணம் மிகுந்த நாட்டினர் கட்டணம் குறைந்த நாட்டை நாடுவது உலக இயல்பு.

எனினும் இத்தகைய பயணம் கோயில் குளம் பார்த்து வரும் சுற்றுலாவைப் போன்றதன்று. சுற்றுலாவில் ஒரு நாள் தவறினால் ஓர் இடத்தைப் பார்க்காமல் திரும்புவோம். பல் சிகிச்சையில் ஒரு நாள் தவறினால் பாதியில் நிற்கும் வாயோடு திரும்ப நேரிடும். சிகிச்சைக்குரிய நாட்கணக்கு ஒன்று; விமானங்களும் விமான நிலையங்களும் நடக்கும் நாட்கணக்கு மற்றொன்று. இவ்விரண்டையும் முன்கூட்டியே பொருத்திப் பார்க்காமல் பயணச்சீட்டு வாங்குவோர் படும் அல்லலை நாம் கண்டுவருகிறோம். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே சில சொல்ல விழைகிறோம்.

போகத்தான் வேண்டுமா?

முதற்கேள்வி இதுவே. எல்லாப் பல் நோய்க்கும் கடல் கடக்க வேண்டியதில்லை. சொத்தையை அடைப்பதும், பல்லைப் பிடுங்குவதும், ஈறுகளைத் தூய்மை செய்வதும் உள்ளூரிலேயே செய்யத்தக்கவை. இலங்கையில் அரச மருத்துவமனைகளில் பல் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் தேர்ந்த மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. தமிழ்நாட்டிலோ அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கி வருகிறது. ஈறு நோயைத் தீர்க்காமல் மேலே எத்தனை விலை உயர்ந்த பல்லைக் கட்டினாலும், ஈரமண்ணில் எழுப்பிய சுவராகவே அது முடியும். அந்த அடிப்படை வேலையை உள்ளூரில் முடித்துக்கொண்டு புறப்படுவோருக்கு அயலூரில் தங்கும் நாட்கள் குறையும், செலவும் குறையும்.

முழுப் பல்செட்டு ஒன்றே தேவைப்படுவோர் இன்னும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பல்செட்டு என்பது அளவெடுத்து, மெழுகில் பொருத்திப் பார்த்து, செய்து முடித்து, பின்பும் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய பொருள். நான்கைந்து முறையாவது மருத்துவரின் நாற்காலியில் அமர வேண்டும். பற்களைப் பிடுங்கிய பின் ஈறு சுருங்கி நிலைபெறச் சில மாதங்கள் ஆகும். பிடுங்கிய மறுவாரமே நிரந்தரச் செட்டைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறவர், ஊர் வந்து மூன்றாம் மாதம் அது வாயில் நில்லாமல் ஆடுவதைக் காண்பார். அப்போது அதைச் சரிசெய்ய மறுபடியும் கடல் கடப்பதா?

வாயின் நாட்கணக்கு

போகத்தான் வேண்டும் என்று முடிவானால், எந்தச் சிகிச்சைக்கு எத்தனை நாள் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வேர்ச் சிகிச்சை, அதாவது 'ரூட் கெனால்', ஒரே அமர்வில் முடிவதும் உண்டு. சீழ் இருந்தால் இரண்டு மூன்று அமர்வுகள் இடைவெளி விட்டுத் தேவைப்படுவதும் உண்டு. அதன்மேல் போடும் உறையை, 'கேப்' என்று நாம் வழங்குவதை, அளவெடுத்துக் கூடத்துக்கு அனுப்பிச் செய்து வாங்கச் சில நாட்கள் ஆகும். பொருந்தாவிடில் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே பத்து நாள் விடுப்பில் வருகிறவர், வந்த மறுநாளே மருத்துவரைப் பார்ப்பது நன்று. திருமணம், உறவினர் வீடு, புடவைக்கடை எல்லாம் முடித்துக் கடைசி மூன்று நாளில் பல் மருத்துவரிடம் செல்வோரே தற்காலிக உறையோடு விமானம் ஏறுகின்றனர்.

தாடையெலும்பில் திருகு பதித்துப் பல் கட்டும் 'இம்பிளாண்ட்' முறைக்கு வேறு கணக்கு. சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க், டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிப் பிணைவதை 1950-களில் கண்டறிந்து, 1965-இல் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அவ்வகைப் பல் பொருத்தினார். எலும்பும் உலோகமும் இவ்வாறு பிணைவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். கீழ்த்தாடையில் விரைவாகவும் மேல்தாடையில் தாமதமாகவும் நிகழும். திருகைப் பதிப்பது ஒரு பயணம். எலும்பு பிடித்தபின் அதன்மேல் பல்லைக் கட்டுவது இரண்டாம் பயணம். எலும்பு தேய்ந்திருந்து அதை வளர்க்கவும் வேண்டியிருந்தால் மேலும் சில மாதங்கள் கூடும். "மூன்றே நாளில் பல்" என்னும் விளம்பரங்களை நாம் காண்கிறோம். தகுந்த எலும்பும் நல்ல உடல்நிலையும் உடைய சிலருக்கு உடனே பல் பொருத்துதல் இயலும் என்பது உண்மையே. எல்லாருக்கும் அது பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

நீரிழிவு உள்ளவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர், எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ பெறுபவர் ஆகியோர் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அயலூர் சென்று நாற்காலியில் அமர்ந்தபின் இதைச் சொன்னால், மருத்துவர் நல்லவராயின் அன்றே வேலையைத் தொடங்கமாட்டார். அந்த நாட்கள் வீணாகும்.

ஓர் ஆசிரியரும் ஓர் அம்மையாரும்

நாட்கணக்கு இரண்டும் மோதினால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போருக்கு முந்திய நாட்களில் பலாலியிலிருந்து தென்னிந்தியாவிற்கு விமானம் பறந்ததை முதியோர் நினைவில் வைத்திருப்பர். நெடுங்காலம் நின்றுபோன அப்பயணம், பலாலி 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின், அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு மீண்டும் தொடங்கியது. கொழும்பு சென்று கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டிய நிலைக்கு மாறாக, காலையில் வீட்டில் தேநீர் அருந்தியவர் நண்பகலில் சென்னையில் இருக்கலாம் என்ற நிலை வந்தது. மக்கள் மகிழ்ந்தனர். மருத்துவத்திற்குச் செல்வோர் மிகவும் மகிழ்ந்தனர்.

நாம் அறிந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் 2020 ஜனவரியில் அவ்விமானத்தில் சென்னை வந்தார். ஜெர்மனியில் உள்ள மகன் பணம் அனுப்பியிருந்தார். கீழ்த்தாடையில் இரண்டு திருகுகள் பதித்து, அவற்றின்மேல் பூட்டிக்கொள்ளும் வகையில் ஒரு செட்டு அமைப்பது என்பது திட்டம். திருகுகள் பதிக்கப்பட்டன. மே மாதம் வந்து செட்டைப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அதே மாதத்தில் அதே சிகிச்சைக்கு வந்திருந்த மற்றோர் அம்மையாரும் அதே ஏற்பாட்டோடு ஊர் திரும்பினார்.

மார்ச் மாதம் கொரோனாத் தொற்று வந்தது. யாழ்ப்பாண விமானம் நின்றது. இந்தியா வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்தை 2020 மார்ச் 23 முதல் நிறுத்தி, 2022 மார்ச் 27 அன்றே மீண்டும் தொடங்கியது. அதே மார்ச் மாதத்தில் இலங்கை ரூபாயின் மதிப்பு சரிந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கட்டுநாயக்காவிற்கு ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் சாலைப் பயணமே பெரும்பாடாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் மீண்டும் பறந்தது 2022 டிசம்பர் 12 அன்று. நான்கு மாத இடைவெளி என்று குறிக்கப்பட்டது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயிற்று.

இதில் ஆசிரியருக்கு உதவியது ஒரு தாள். சென்னை மருத்துவர் அவரிடம் கொடுத்தனுப்பிய அத்தாளில், திருகைச் செய்த நிறுவனத்தின் பெயர், அதன் வகை, விட்டம், நீளம், தொகுதி எண், பதித்த நாள், பதித்த இடம் யாவும் எழுதப்பட்டிருந்தன. எக்ஸ்ரே படமும் இணைக்கப்பட்டிருந்தது. 2021-இல் ஊரடங்கு தளர்ந்த ஒரு வேளையில் ஆசிரியர் கொழும்பு சென்று ஒரு பல் மருத்துவரிடம் அத்தாளைக் காட்டினார். அதே நிறுவனத்தின் உரிய பாகங்களை அம்மருத்துவர் தருவித்து வேலையை முடித்துக் கொடுத்தார். செலவு சிறிது கூடியது; ஆயினும் அவ்வாண்டு முடியுமுன் ஆசிரியர் கடலை கொறித்தார்.

அம்மையார் கையில் இருந்ததோ பணம் பெற்றுக்கொண்ட ரசீது மட்டும். அதில் "இம்பிளாண்ட் 2" என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. கொழும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தும், அத்திருகு எந்த நிறுவனத்தது என்று உறுதியாகக் கூற இயலவில்லை. ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றின் திருகில் பொருந்தாது. சென்னைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, அக்காலத்தில் வேலை செய்த மருத்துவர் அங்கிருந்து சென்றுவிட்டார் என்ற விடையே கிடைத்தது. அம்மையார் மூன்றாம் ஆண்டு வரை கஞ்சியும் இடியப்பமுமாகக் காலம் கழித்தார். மகள் அனுப்பிச் சேமித்து வைத்திருந்த பணமும் அதற்குள் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே திட்டம், ஒரே தடை. வேறுபாடு ஒரு தாள். சிகிச்சை முடிந்து எழும்போது அத்தாளைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கேளாமல் வருவது பெரும் இழப்புக்கு இடம் கொடுப்பது.

மாறாத விமான நிலையம் இல்லை

தொற்றுநோய் எப்போதோ வருவது. அதை வைத்து அஞ்ச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தொற்றுநோய் இல்லாமலேயே விமான நிலையங்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன.

கொழும்புக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் 2017 ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஓடுபாதையைச் செப்பனிடுவதற்காக நாள்தோறும் பகல் முழுதும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அம்மூன்று மாதமும் எல்லாப் பயணமும் இரவிலும் விடியலிலும் நெருக்கப்பட்டது. இஸ்தான்புல்லில் 2019 ஏப்ரல் 6 அன்று பழைய அதாதுர்க் நிலையத்திலிருந்து நகரின் மறு கோடியில் உள்ள புதிய நிலையத்திற்குப் பயணியர் விமானங்கள் யாவும் மாற்றப்பட்டன. பழைய நிலையத்திற்கு அருகில் விடுதி எடுத்திருந்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள். பாங்காக்கில் 2006-இல் சுவர்ணபூமி திறக்கப்பட்டு டோன் முவாங் மூடப்பட்டது. மறு ஆண்டே டோன் முவாங் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அந்நகருக்கு இரண்டு நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியவர் நகரப் போக்குவரத்தைக் கடந்தே ஆகவேண்டும். ஹங்கேரியில் 2012 பிப்ரவரி 3 அன்று மாலேவ் என்னும் நாட்டு விமான நிறுவனமே ஒரே நாளில் நின்றுபோயிற்று; அவ்வாண்டு மே மாதம் புடாபெஸ்ட் நிலையத்தின் முதல் முனையமும் மூடப்பட்டது. திரும்பும் சீட்டை முன்பே வாங்கி வைத்திருந்தோர் கையில் தாள் மட்டுமே மிஞ்சியது.

நம் ஊர்களுக்கு வருவோம். சென்னையில் முன்பு வெளிநாட்டு வருகை ஒரு கட்டடத்திலும் புறப்பாடு வேறொரு கட்டடத்திலும் நடந்தன. 2023 ஏப்ரல் 8 அன்று புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பழைய கட்டடங்களுள் ஒன்று உள்நாட்டு விமானங்களுக்கு விடப்பட்டது. 2022 டிசம்பரில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் திறக்கப்பட்டபின், வாடகைக் காரில் ஏற மூட்டையோடு அதுவரை நடக்க வேண்டியிருப்பதாகப் பயணிகள் முறையிட்டனர். திருச்சியில் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் ஜூன் 11 முதல் செயற்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளை ஏற்கத்தக்க பெருங்கட்டடம் அது. பழைய சிறு கட்டடத்தின் வாசலில் இறங்கிப் பத்தடியில் உள்ளே நுழைந்த பழக்கம் இனி உதவாது. 2024 செப்டம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே மற்றொரு நிறுவனத்தின் விமானமும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே புதிய விமானமும் தொடங்கின. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது.

இவற்றுட் பல நன்மைக்கான மாற்றங்களே. எனினும் நான்கு மாதங்களுக்கு முன் நாம் வந்த வழி, நான்கு மாதங்களுக்குப் பின் அதே வழியாக இருக்கும் என்று நம்பி இரண்டாம் பயணத்தைத் திட்டமிடலாகாது.

சீட்டு வாங்கும் முன்

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது: மருத்துவர் எழுதித்தரும் சிகிச்சைத் திட்டம் வந்தபின்னரே பயணச்சீட்டு வாங்குக. முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேயை உள்ளூரிலேயே எடுத்து முன்னதாக அனுப்பினால், எத்தனை அமர்வு, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதை மருத்துவர் ஓரளவு கூற இயலும். நேரில் பார்த்தபின் அது மாறலாம். ஆகவே சொன்ன நாட்களோடு நான்கைந்து நாட்களைக் கூட்டிக்கொள்க. மருத்துவர் உரிய பதிவு பெற்றவரா என்பதையும் கேட்டறிக. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகப் பல் மருத்துவர்க்குப் பதிவேடு உண்டு. பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

இரண்டாவது: விசாவின் நாட்களையும் எண்ணிப் பார்க்க. இந்தியாவின் மின்னணு மருத்துவ விசா, முதல் வருகையிலிருந்து 60 நாட்களுக்கு உரியது. அதற்குள் மூன்று முறை வந்து செல்லலாம். நான்கு மாதங்கள் கழித்து வரவேண்டிய இரண்டாம் கட்டத்திற்கு அது உதவாது. அப்போது புதிதாகப் பெற வேண்டும். தூதரகம் வழங்கும் வழக்கமான மருத்துவ விசாவிற்குக் காலம் அதிகம். துணைக்கு வருவோருக்கும் தனி விசா உண்டு. மருத்துவமனையின் கடிதம் இன்றியமையாதது. அரசின் தளத்தைப் போலவே தோன்றிக் கூடுதல் பணம் பறிக்கும் இணையத்தளங்களும் உள்ளமையால், விழிப்போடு விண்ணப்பிக்க. விதிகள் மாறுவதால் ஒவ்வொரு பயணத்திற்கும் புதிதாகக் கேட்டறிதல் நலம்.

மூன்றாவது: நாள் மாற்றத்தக்க சீட்டையே வாங்குக. விலை சிறிது கூடுதலாகும். பல் பிடுங்கிய இடத்தில் வீக்கம் வற்றாதபோது, மாற்ற இயலாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எப்படியாவது நாளைக்குள் முடித்துவிடுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவதைவிட அது மலிவு. நெருக்கப்பட்ட வேலை நல்ல வேலையாக அமைவது அரிது.

நான்காவது: இரண்டு விமானம் மாற வேண்டியிருந்தால், இரண்டும் ஒரே சீட்டில் உள்ளனவா என்று பார்க்க. தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதமானபோது இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை. பெட்டிகளையும் பொதுவாக அங்கேயே எடுத்துச் சுங்கத்தைக் கடக்க வேண்டும். பின்னரே உள்நாட்டு விமானம். மூன்று மணி நேரத்திற்குக் குறைவான இடைவெளி முதியோருக்கு ஏற்றதன்று. சக்கர நாற்காலியைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பதிவு செய்க.

ஐந்தாவது: எந்த நிலையம், எந்த முனையம் என்பதைச் சீட்டு வாங்கிய அன்று ஒரு முறையும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் ஒரு முறையும், முதல் நாள் ஒரு முறையும் விமான நிறுவனத்திடமே கேட்டறிக. சென்ற ஆண்டு சென்று வந்த பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பியிருத்தல் வேண்டாம். நேர்வழி விமானம் நின்றுபோனால் வேறு எவ்வழியாகத் திரும்புவது, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அத்தொகையைத் தொடாமல் வைத்திருக்க.

திரும்பும் நாள்

சிகிச்சையின் கடைசி நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருத்தலாகாது. பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தமே அந்தப் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் கடும் வலி எழும். நடுவானிலோ வளைகுடாப் பாலைவனத்தின் பணியாளர் முகாமிலோ அவ்வலி வந்தால் யாரிடம் போவது? எளிய பல் பிடுங்கலுக்கு இரண்டு நாளேனும், ஞானப்பல் போன்றவற்றை அறுத்தெடுத்தால் ஏறத்தாழ ஒரு வாரமும் தங்குவது நன்று. மேல்தாடையில் மூக்குப் புறத்து எலும்பறையைத் தொட்டுச் செய்த அறுவைக்கு மேலும் அதிகம். சரியான நாளை, அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். அவரிடம் கேட்காமல் நாள் குறிக்க வேண்டாம்.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகும். அழுத்தம் குறையக் காற்று விரியும். ஆகையால், சீழ் வைத்த பல்லிலோ சரியாக அடைக்கப்படாத பல்லிலோ சிறைப்பட்ட காற்று விரிந்து வலி எழலாம். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினர் பலர் இவ்வலிக்கு ஆளாயினர். ஆகவே திறந்து பாதியில் விட்ட வேர்ச் சிகிச்சையோடு பறப்பதைத் தவிர்க்க.

கைப்பையில் வைத்திருக்க வேண்டியவை சில: மருத்துவரின் மருந்துச் சீட்டு, மேலே கூறிய தாளும் படமும், அன்றாட மாத்திரைகள், பழைய செட்டு. புதிய பல் வந்துவிட்டதென்று பழைய செட்டை எறிந்துவிடுவோர் உண்டு. புதியது பழகும்வரை அதுவே துணை. வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டி 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டதாயின் பெரிய பெட்டியில் வைக்க. பல நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள். வளைகுடா நாடுகளுக்குத் திரும்புவோர் வலி மாத்திரைகளில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். டிராமடால், கோடீன் போன்றவை அங்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உரிய அனுமதியின்றி எடுத்துச் சென்று சட்டத்தின் பிடியில் சிக்க நேர்ந்தால், பல்லுக்காகப் போனவர் வேலையையே இழப்பார். "நான் எங்கே வேலை செய்கிறேன்" என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற மாத்திரையை எழுதச் சொல்க.

தாடையில் உள்ள திருகு சோதனை வாயிலில் ஒலி எழுப்பித் தம்மை அவமானப்படுத்துமோ என்று முதியோர் சிலர் நம்மிடம் அச்சத்தோடு கேட்பதுண்டு. சிறு டைட்டானியத் துண்டு அது, பொதுவாக ஒலிப்பதில்லை. ஒலித்தாலும் தாளைக் காட்டலாம். அஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. பெற்றோருக்குப் பல் கட்ட விரும்பும் உங்கள் அன்பு மெச்சத்தக்கது. ஆயினும் எழுபது வயதுத் தாயைக் கையில் ஒரு சீட்டோடு தனியே அனுப்பிவிட்டு, "எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று சொல்லுதல் போதாது. அறிவிப்புப் பலகையைப் படிக்க இயலாதவர் அவர். முனையம் மாறியது அவருக்குத் தெரியாது. மரத்துப்போன வாயோடு அவரால் வழி கேட்கவும் முடியாது. உடன் செல்ல ஒருவரை அமர்த்துங்கள். இயன்றால் நீங்களே உங்கள் விடுமுறையை அம்மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் வலித்தால் யாரிடம் செல்வது என்பதற்காக, உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவரிடம் முன்னரே பேசி வையுங்கள். தம்மிடம் தொடங்காத சிகிச்சையைத் தொடர மருத்துவர்கள் தயங்குவது இயல்பு. முன்கூட்டியே மதிப்போடு கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளையின் பணம் வீணாகிறதே என்று எண்ணி, வலியை மறைத்துக்கொண்டு குறித்த நாளில் விமானம் ஏறாதீர்கள். ஒரு வாரம் கூடுதலாகத் தங்குவதற்கு ஆகும் செலவு, பாதியில் நின்ற சிகிச்சையை மறுபடி தொடங்கும் செலவோடு ஒப்பிட்டால் சிறிதே. மருத்துவர் "இன்னும் ஆறவில்லை" என்றால், சீட்டை மாற்றச் சொல்லி அன்றே பிள்ளைக்குத் தொலைபேசியில் கூறுங்கள்.

இக்கட்டுரையைப் படித்தபின் எவரேனும் பயணத்திற்கு ஆயத்தம் செய்வாராயின், முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் மருத்துவர் கூறிய நாட்களையும் வலப்பக்கம் விமானமும் விசாவும் கூறும் நாட்களையும் எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில் பயணத்தின் நாளைத்தான் மாற்ற வேண்டும். வாயின் நாளை மாற்ற இயலாது.